காகத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் ஐந்து வயது மகனோடு இருக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "2022க்குப் பிறகு எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் போனில் செய்தி பார்க்கிறேன். விலைவாசி, எங்கெங்கோ நடக்கும் யுத்தம், கணவருடைய வேலை, எல்லாம் சேர்ந்து நெஞ்சை அடைக்கிறது. விடிய அரை மணி நேரம் நடக்கும்படி டொக்டர் சொன்னார். நடந்தாலும் அதே யோசனைதான். பறவை பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தெரிந்த பறவை காகம் ஒன்றுதான். பைனாகுலர் இல்லை. இந்த நகரத்தில் பார்க்க என்ன இருக்கிறது? எங்கே தொடங்குவது? நாடு இப்படி இருக்கும்போது தெருவில் நின்று குருவி பார்ப்பது சரியா?"

காகம் தெரியும் என்றால் தொடக்கம் ஏற்கெனவே ஆகிவிட்டது. ஆனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது மனதில் முள்ளாகக் கிடக்கும்வரை எந்தப் பறவையும் கண்ணில் நிற்காது.

நான் இந்தப் பகுதியில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். போர்க்காலம், 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிந்திய நாட்கள், 2020 கொரோனா ஊரடங்கு, 2022 பொருளாதார நெருக்கடி எல்லாவற்றையும் இதே ஒழுங்கைகளில்தான் கடந்தேன். இந்த நாலு காலத்திலும் மனிதரை வாட்டியதில் பாதி, உண்மையில் நடந்தது. மற்றப் பாதி, காதில் விழுந்தது. "தெஹிவளைச் சந்தியில் பெற்றோல் வந்திட்டுதாம்." "நாளைக்கு ஊரடங்காம்." "வங்கியில் காசு எடுக்க விடமாட்டாங்களாம்." நம்முடைய மொழியில் இதற்கென்றே ஓர் ஒட்டு இருக்கிறது பாருங்கள்: "ஆம்". நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்பதை இரண்டு எழுத்தில் சொல்லிவிடும். கலவரமான காலம் என்பது, நாள் முழுக்க "ஆம்" ஒட்டிய செய்திகளால் வயிறு நிரம்பும் காலம்.

காலையில் கால்வாய்ப் பாலத்தில் நின்று, "மீன்கொத்தி ஒன்று வந்து கம்பியில் இருந்தது" என்று நீங்கள் சொல்லும்போது அதில் "ஆம்" இல்லை. நீங்களே கண்டது. யாரும் அதை மறுக்கப்போவதில்லை, மாற்றப்போவதில்லை, பின்னேரம் ஒரு திருத்தம் வரப்போவதில்லை. பறவை பார்த்தால் கவலை போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டு வாடகை குறையாது. ஆனால் ஒரு நாளில் ஒரு இருபது நிமிடம், நேரில் கண்ட விஷயத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். அதனால் சரியா என்று கேட்டால், சரிதான். நாட்டைப் பற்றிய அக்கறை அந்த இருபது நிமிடத்தில் கரைந்துபோகாது. திரும்பி வரும்போது வாசலிலேயே காத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியரிடம் கைதியாகப் பிடிபட்ட பீட்டர் கொண்டர் என்ற ஆங்கிலேயர், முள்வேலிக்குள் இருந்தபடியே பறவைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்தார். வேறு சிலரும் அதே முகாம்களில் அதையே செய்தார்கள். போர் முடிந்து பல வருடங்களின் பின் அவர் பிரித்தானியாவின் பெரிய பறவைப் பாதுகாப்புச் சங்கத்தை நடத்தும் பொறுப்புக்கு வந்தார். வேலிக்குள் இருந்தவருக்கு வேலிக்கு மேலால் வந்து போகும் ஒன்று எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

சரி, காகத்துக்கு வருவோம்.

உங்கள் பல்கனியில் வந்து நிற்கும் காகத்தை நாளைக்கு ஒரு நிமிடம் முழுதாகப் பாருங்கள். கழுத்தும் நெஞ்சும் சாம்பல் நிறமா, உடம்பு முழுக்கக் கறுப்பா? சாம்பல் கழுத்து என்றால் அது வீட்டுக்காகம், இந்த நகரத்துக் காகம். முழுக்கக் கறுத்து, அலகு தடித்து, குரலும் கொஞ்சம் கனத்திருந்தால் அது அண்டங்காகம். காகம் என்று ஒரே பெயரில் இத்தனை வருடம் பார்த்தது இரண்டு பறவை. இதைக் கண்டுபிடித்த அன்றைக்கே உங்கள் பட்டியலில் இரண்டு ஆகிவிட்டது.

பிறகு எண்ணுங்கள். பின்னேரம் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் காகங்கள் அடைவதற்காக ஒரே திசையில் போகும். பல்கனியில் கதிரையைப் போட்டு, பத்து நிமிடத்தில் எத்தனை போகிறது என்று மகனோடு சேர்ந்து எண்ணலாம். பிள்ளைகளுக்கு எண்ணப் பிடிக்கும். காகமும் உங்களை எண்ணி வைத்திருக்கும் என்பது இன்னொரு விஷயம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டார்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்காக, அந்த முகமூடியை யார் போட்டுக்கொண்டு போனாலும் காகங்கள் திட்டித் துரத்தின. அவை வேறு இனக் காகங்கள்தான். ஆனால் நம்முடைய காகமும் மூன்றாம் மாடி வீட்டு ஆச்சி எத்தனை மணிக்குச் சோறு வைப்பார் என்று சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறது.

காகத்தோடு குயிலும் சேர்ந்தே வரும். மாசி, பங்குனியில் தொடங்கிச் சித்திரையில் உச்சத்துக்குப் போகும் அந்தக் கூவல் நம் எல்லோருக்கும் தெரியும். சிங்களவர் அதைக் "கோஹா" என்கிறார்கள். புதுவருடம் வருகிறது என்று அவர்களுக்கு அறிவிப்பதே அதுதான். கேட்டவர் கோடி, பார்த்தவர் கொஞ்சம். கூவுவது ஆண். பளபளக்கும் கறுப்பு, சிவந்த கண், வெளிறிய பச்சை அலகு. பெண் குயில் கூவாது, "கிக் கிக் கிக்" என்று பதறிக் கத்தும். உடம்பு பழுப்பு, அதில் வெள்ளைப் புள்ளிகள். பலர் இதை வேறு ஏதோ பறவை என்றே நினைக்கிறார்கள். அது காகத்தின் கூட்டில் முட்டையிடுவதும், காகம் அதைத் தன் பிள்ளையாக வளர்ப்பதும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அதை நேரில் பார்ப்பது வேறு. காகம் கூடு கட்டும் மாதங்களில் உங்கள் ஒழுங்கையில் காகங்கள் ஒரு கறுத்த பறவையை வெறிகொண்டு துரத்தினால், நின்று பாருங்கள். துரத்தப்படுவது பெரும்பாலும் ஆண் குயில்தான். எங்கோ பக்கத்தில் இலைக்குள் பெண் குயில் அசையாமல் இருக்கும்.

2022 ஏப்ரலை நான் அந்தக் குரலோடுதான் நினைவு வைத்திருக்கிறேன். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை போனது. ஏப்ரல் 2ஆம் திகதி மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு போட்டார்கள், 4ஆம் திகதி விடிய ஆறு மணி வரைக்கும். இடையில் 3ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை சமூக ஊடகங்களையும் முடக்கிவிட்டார்கள். போனில் ஒன்றும் இல்லை, மின்விசிறி இல்லை, காலி வீதியில் பஸ் இல்லை. காலி வீதியிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளியிருக்கும் எங்கள் பல்கனியில் இருந்து அன்று ஐந்து குயில்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்டேன். ஒன்று ராமகிருஷ்ண மிஷன் பக்கம், ஒன்று கடற்கரைப் பக்கம், மூன்று கிழக்கே கால்வாயை ஒட்டி. அவை எப்போதும் அங்கேதான் இருந்திருக்கின்றன. பஸ் சத்தம் இல்லாத ஒரு நாள்தான் எனக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

இது என் மனப்பிரமை அல்ல. 2020 ஊரடங்கின்போது சான்பிரான்சிஸ்கோவில் போக்குவரத்து நின்றபோது அங்குள்ள ஒரு சிட்டு வகையின் பாட்டை ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். இரைச்சலோடு போட்டிபோட்டுக் கத்த வேண்டியிராததால் பறவைகள் மெதுவாகப் பாடின, அப்படியிருந்தும் பாட்டு முன்பைவிட அதிக தூரம் கேட்டது. நகரத்துப் பறவைகள் வருடம் முழுக்க நம்மை மேவித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதனால்தான் விடியற்காலையைச் சொல்கிறேன். ஐந்தரை மணிக்கே குண்டுக்கரிச்சான் பாடத் தொடங்கிவிடும். கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, நிமிர்த்திய வால், தண்ணீர்த்தாங்கியின் உச்சியில் நிற்கும். சிங்களத்தில் பொல்கிச்சா. வெள்ளவத்தையில் அதைவிட நன்றாகப் பாடும் பறவை இல்லை என்பது என் கருத்து.

இப்போது பாதை. தயவுசெய்து புதிய இடம் தேடி அலையாதீர்கள். ஒரே பாதை, ஒரே நேரம், தினமும். வெள்ளவத்தைக்கு வடக்கே ஒரு கால்வாய், தெற்கே தெஹிவளைக் கால்வாய், மேற்கே ரயில் பாதையும் கடலும். இதைவிட நல்ல வரைபடம் எந்த ஆரம்பக்காரருக்கும் கிடைக்காது. உங்கள் ஒழுங்கையால் இறங்கிக் கடற்கரை வீதிக்குப் போய், ஏதாவது ஒரு கால்வாய் கடலில் விழும் இடம்வரை நடந்து திரும்பினால் அரை மணி நேரம். அந்த நேரத்தில் நடக்க வருகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், தனியாக இருக்கிறோம் என்ற பயமும் இராது.

ஒழுங்கைக்குள் இருக்கும்போது மதிலையும் மரத்தையும் பாருங்கள். புலுனிகள் ஏழெட்டுச் சேர்ந்து மண்ணில் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். ஒன்று பறந்தால் மற்றவை ஒவ்வொன்றாகப் பின்னால் போகும், ஒன்றையும் விட்டுவிட்டுப் போகாது. இந்தியத் தமிழர் தவிட்டுக்குருவி என்பார்கள், சிங்களத்தில் தெமலிச்சா. முருங்கையிலோ செவ்வரத்தையிலோ தேன்சிட்டு. பலா மரத்தில் மஞ்சள் உடம்பும் கறுத்த தலையுமாக மாங்குயில். மின்கம்பியில் மணிப்புறா. வளவுக்குள் பழைய ஈரப்பலா மரம் எங்காவது மிஞ்சியிருந்தால் அதன் பட்ட கிளையில் வட்டமான ஒரு துளை தெரிகிறதா என்று பாருங்கள், அது குக்குறுவானின் வீடாக இருக்கலாம். "குட்ரூ, குட்ரூ" என்று நாள் முழுக்க ஒரே தாளத்தில் கூப்பிடுவது அதுதான். பழைய வளவுகள் இடிக்கப்பட்டுத் தொடர்மாடிகள் எழும்ப எழும்ப இந்தத் துளைகள் குறைந்துகொண்டே போகின்றன. பட்ட கிளையை உடனே வெட்டச் சொல்லும் வீட்டுக்காரரிடம் நான் நின்று கதைப்பதுண்டு. விழும் ஆபத்து இல்லையென்றால் விட்டுவிடுங்கள் என்பேன். சிலர் விட்டிருக்கிறார்கள்.

கால்வாயில் நிறைய நேரம் நில்லுங்கள். மணம் நன்றாக இராது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கரையில் அசையாமல், மண்ணிற உடம்போடு கூனிக்கொண்டு நிற்பது மடையான். நிற்கும்போது கல் மாதிரி இருக்கும். பறக்கும்போது ஒரு கணத்தில் முழு வெள்ளையாகிவிடும், சிறகு அவ்வளவு வெள்ளை. உங்கள் மகனுக்கு முதலில் காட்ட வேண்டிய பறவை இதுதான். வெள்ளைக் கொக்குகளில் அலகைப் பாருங்கள், பிறகு காலைப் பாருங்கள். கறுத்த அலகு, கறுத்த கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் சப்பாத்துப் போட்ட மாதிரி இருந்தால் சின்னக் கொக்கு. மஞ்சள் அலகும், சில மாதங்களில் தலையில் செம்மஞ்சள் நிறமும் என்றால் மாட்டோடு திரியும் உண்ணிக்கொக்கு. நீர்க்காகம் தண்ணீருக்குள் போய்வந்து, கம்பத்தில் சிறகை விரித்துக் காயவைக்கும். அதன் இறகு தண்ணீரை உறிஞ்சும் வகை. அதனால்தான் சுலபமாக மூழ்க முடிகிறது, அதனால்தான் காயவும் வேண்டியிருக்கிறது. பின்னேரம் இருட்டும்போது தலைக்கு மேல் "குவாக்" என்று ஒற்றைக் குரல் கேட்டால் அது இரை தேடப் புறப்படும் வக்கா. கபரகொய்யா என்ற பெரிய நீர் உடும்பும் நீந்திப்போகும், அதுவும் அங்கே குடியிருப்பதுதான், பயப்பட வேண்டாம்.

மீன்கொத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெஞ்சு வெள்ளை, தலை சொக்கலேட் நிறம், முதுகு நீலம். கம்பியில் இருந்து தண்ணீரை மட்டும் பார்க்காது, புல்லையும் பார்க்கும், வெட்டுக்கிளியும் ஓணானும் கூடத் தின்னும். அதைவிடப் பெரிதாக, தடித்த சிவப்பு அலகோடு இன்னொன்று எப்போதாவது வந்தால் அன்றைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம்.

இனி, எனக்கு மிக நெருக்கமான பகுதி. ஊருக்கு வந்து போகும் பறவைகள்.

2022 ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று நிறுத்தினார்கள். ஜூலை 9ஆம் திகதி சனங்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் போனார்கள், 14ஆம் திகதி ஜனாதிபதி பதவி விலகினார். அந்தக் கிழமைகளில் என் தம்பியின் ஆட்டோவுக்காக நானும் அவரும் மாறிமாறி வரிசையில் நின்றோம். வரிசை என்றால் கிலோமீற்றர் கணக்கு. இரவும் அங்கேதான். இரண்டாம் நாள் விடிய, முன்னால் நின்ற வண்டிக்காரர், சிங்களவர், கம்பத்தில் இருந்த ஒரு பறவையைக் காட்டி "கொட்டோருவா" என்றார். குக்குறுவான். நான் அதன் துளையை அவருக்குக் காட்டினேன். பிறகு இரண்டு நாளும் அவர் என்னை வந்து கூப்பிடுவார், குஞ்சுக்கு இரை கொண்டுவந்துவிட்டது என்று. எங்கள் இருவருக்கும் அரசியலில் ஒத்துப்போகாத விஷயங்கள் நிறைய இருந்திருக்கும். அந்தக் குஞ்சுகள் எத்தனை என்பதில் மட்டும்தான் வாதாடினோம்.

ஆகஸ்ட் மாதம் மூன்றாம் கிழமை, கால்வாய் கடலில் விழும் இடத்துக் கல்லில் ஓர் உள்ளான் வந்து நின்றது. கையளவுப் பறவை, ஐம்பது கிராம் எடைதான் இருக்கும். மேலே பழுப்பு, வயிறு வெள்ளை, அந்த வெள்ளை தோள்வரை ஒரு கீற்றாக ஏறியிருக்கும். ஒரு கணமும் சும்மா நிற்காது, பின்பக்கத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் ஆற்றங்கரைகளில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருகிறது. அந்த வருடம் எங்களுக்கு அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று தெரியவில்லை. எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வந்து, ஆட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர் என்று ஒரு கணக்கு அப்போதுதான் பிடிபட்டிருந்தது. என் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். 2021இல் முதல் உள்ளான் ஆகஸ்ட் 19. 2020இல் ஆகஸ்ட் 24. 2022இல் ஆகஸ்ட் 18. அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுக்கொண்டு கல்லில் கொஞ்ச நேரம் இருந்தேன்.

இந்தக் கணக்கை நீங்களும் ஒரு வருடத்தில் பிடித்துவிடலாம். ஆகஸ்டில் உள்ளான். செப்ரெம்பர், ஒக்ரோபரில் பழுப்புக் கீச்சான், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டி கட்டிய மாதிரி இருக்கும். வந்த உடனே ஒரு வேலியையோ மரத்தையோ தனதாக்கிக்கொண்டு, விடியவும் பின்னேரமும் கரகரத்த குரலில் எல்லாருக்கும் அறிவிக்கும். ஏப்ரல் வரை அதே இடத்தில்தான். அதே காலத்தில் மின்கம்பிகளில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசையாக வந்து இருக்கும், தும்பியைப் பிடித்துக் கம்பியில் அடித்துத் தின்னும். தகைவிலான்களும் வரும். பிறகு ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, மண்மஞ்சள் நெஞ்சு, வாலுக்கடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டி, சிறகில் ஒரு நீலத்துண்டு. இவ்வளவையும் போட்டுக்கொண்டு தரையில் சருகுக்குள் திரிகிறது. விடிய ஆறு மணிபோலவும் பின்னேரம் ஆறு மணிபோலவும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். சிங்களத்தில் அவிச்சியா. தன் அழகான உடுப்பை மயில் கொண்டுபோய்விட்டது என்று அது அழுவதாக ஒரு கிராமியக் கதை உண்டு. இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வரும் அந்த நாட்களில் களைத்துப்போய்த் தொடர்மாடிப் பல்கனிகளில் விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் காற்றுத் துளையிட்ட ஒரு காட்போட் பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்திருந்து, பிறகு மரமுள்ள இடத்தில் பெட்டியைத் திறந்துவிடுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே வேண்டாம்.

கொப்பி என்று சொன்னேன். நூறு பக்கக் கொப்பி ஒன்றும் பேனையும் போதும். திகதி, நேரம், பறவை, எத்தனை. பெயர் தெரியாவிட்டால் "கம்பியில், கறுப்பு, வால் இரண்டாகப் பிரிந்தது" என்று எழுதுங்கள், பெயர் பிறகு வரும். அது கரிக்குருவி என்று எனக்குத் தெரிய மூன்று மாதம் எடுத்தது.

பைனாகுலர் இப்போதைக்கு வேண்டாம், இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அதைத்தான். விலை ஒரு காரணம். இன்னொரு காரணம் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். போர்க்காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு தமிழ் இளைஞன் பைனாகுலரோடு கடலைப் பார்த்து நிற்பது என்பது நினைத்தும் பார்க்க முடியாத விஷயம். ஒருமுறை சோதனைச் சாவடியில் என் பையிலிருந்த கொப்பியை எடுத்துப் பார்த்தார்கள். "காகம் 42, மைனா 11, ஆலா 6" என்று தமிழில், நேரத்தோடு. இது என்ன கணக்கு என்று கேட்டார்கள். இரண்டு மணி நேரம் ஒரு வாங்கில் இருத்தி வைத்தார்கள். கடைசியில் சாவடிக்கு மேலே இருந்த கம்பியைக் காட்டி, அதில் இருப்பது மைனா, அதைத்தான் எழுதுகிறேன் என்றேன். அங்கே இருந்தவர்களில் வயது கூடியவர் நிமிர்ந்து பார்த்தார். "மைனா" என்று அவரும் சொன்னார். சிங்களத்திலும் அதே சொல்தான். கொப்பியைத் திருப்பித் தந்தார்.

அன்றிலிருந்து பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதுகிறேன். பயத்தில் தொடங்கிய பழக்கம், பிறகு பெரிய நன்மையாக முடிந்தது. காவலாளி, தேங்காய் விற்பவர், ரயில் கடவைக்காரர், எல்லாரும் தங்கள் ஊர்ப் பறவையைப் பற்றிச் சொல்ல வந்துவிடுவார்கள். இன்றைக்கு நிலைமை அப்படி இல்லை. என்றாலும் கடற்படை, பொலிஸ் கட்டடங்கள், தூதரகங்கள் பக்கம் கருவியையோ கமராவையோ நீட்ட வேண்டாம். ஆட்களுடைய ஜன்னல் பக்கமும் வேண்டாம். ஊரடங்கு என்றால் வெளியே போகவே வேண்டாம். கண்ணும் காதும் போதும். கருவி இல்லாமல் ஆறு மாதம் பழகியவருக்குப் பறவை இருக்கும் விதம், வால் ஆட்டும் விதம், பறக்கும் விதம் எல்லாம் கைவந்துவிடும். பிறகு ஆசை நின்றால் எட்டு மடங்கு பெருக்கும் நடுத்தரக் கருவி ஒன்று வாங்குங்கள், பத்து மடங்கு வேண்டாம், கை நடுக்கத்தில் படம் நிற்காது.

வெளியே போக முடியாத நாட்களைப் பற்றியும் சொல்கிறேன். 2020இல் கொழும்பில் மார்ச் 20ஆம் திகதி மாலை போட்ட ஊரடங்கு மே 26 வரை எடுபடவில்லை. அந்த இரண்டு மாதமும் எனக்குப் பல்கனிதான். ஒரு கொண்டைக்குருவிச் சோடி எங்கள் பல்கனி விளக்கின் மேல் கூடு கட்டியது. இந்த நாட்டில் அது சாதாரணம், வீட்டுக்குள்ளேயே வந்து கட்டும், நல்ல சகுனம் என்று யாரும் கலைப்பதில்லை. மூன்று முட்டை. விளக்கைப் போடக்கூடாது என்று மனைவி ஆளியின் மேல் பிளாஸ்டர் ஒட்டிவைத்தார். இரண்டு குஞ்சு பறந்தன. ஒன்றைக் காகம் கொண்டுபோனது, பேரப்பிள்ளை வீடியோ அழைப்பில் அதைக் கேட்டு அழுதான். அதையும் கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

பறவை பாருங்கள் என்று உங்களுக்கு ஒருவர் சொன்னதற்கு ஆதாரமும் இருக்கிறது. 2022இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 1,292 பேரைப் போன் செயலி மூலம் நாளில் பலமுறை கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்த, கேட்ட நேரங்களில் மனநிலை மேம்பட்டிருந்தது, அந்த மாற்றம் எட்டு மணி நேரம் வரை நின்றது. மனச்சோர்வு உள்ளவர்களிடமும் அப்படித்தான். அதே வருடம் ஜெர்மனிய ஆய்வாளர்கள் 295 பேருக்கு ஆறு நிமிடம் ஒலிப்பதிவு போட்டுக் காட்டிய இன்னோர் ஆய்வில், பறவைக் குரல் கேட்டவர்களின் பதற்றம் குறைந்தது, வாகன இரைச்சல் கேட்டவர்களின் மனச்சோர்வு கூடியது. ஆனால் ஒன்று. இரவு இரண்டு மணிக்கு எழும்புவது கிழமைக்கணக்கில் நின்றுபோகாவிட்டால் திரும்பவும் டொக்டரிடம் போங்கள். நீங்கள் என் மகளின் வயது, அந்த உரிமையில் சொல்கிறேன். பறவை மருந்துக்குத் துணைதான்.

போனில் மேர்லின் என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளலாம், குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அது சொல்வதை நம்பி உடனே எழுதாதீர்கள், பறவையைக் கண்ட பிறகு எழுதுங்கள். இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு "ஆம்" ஆகிவிடும். உங்கள் எண்ணிக்கையை இபேர்ட் தளத்தில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்குப் பயன்படும், நாளைக்கு ஒருவர் வெள்ளவத்தைக் கால்வாயைப் பற்றிக் கேட்டால் காட்ட ஆதாரம் இருக்கும். விடியும்போது மட்டும் போனைப் பைக்குள் வையுங்கள். செய்தியும் அதே கண்ணாடிக்குள்தான் இருக்கிறது.

கொஞ்சம் பழகியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு பெல்லன்வில அத்திடியச் சதுப்புநிலத்துக்குப் போங்கள். 1990இல் சரணாலயமாக்கியது, உங்களிடமிருந்து சில கிலோமீற்றர்தான். நத்தைகொத்தி நாரை, தாழைக்கோழி, கூழைக்கடா எல்லாம் அங்கே இருக்கும். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் "ஈரநில நகரம்" என்ற அங்கீகாரம் முதன்முதலில் பதினெட்டு நகரங்களுக்குக் கிடைத்தபோது அதில் கொழும்பும் ஒன்று. பத்தரமுல்லைப் பக்கம் போகும் நாட்களில் பெத்தகான ஈரநிலப் பூங்காவையும் பாருங்கள், மரப்பாலத்தில் பிள்ளையோடு நடக்கலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழுவின் கூட்டங்களுக்கும் புதியவர்கள் போகலாம்.

அதெல்லாம் பிறகு. நாளைக்கு விடிய ஐந்தே முக்காலுக்கு எழும்பி, தேத்தண்ணி குடித்துவிட்டு, பல்கனியில் நின்று கழுத்தைப் பாருங்கள், சாம்பலா கறுப்பா என்று. பிறகு ஒழுங்கையால் இறங்கிக் கால்வாய்வரை போங்கள். கரையில் கூனிக்கொண்டு நிற்கும் மண்ணிறப் பறவை பறக்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருங்கள். எத்தனை கண்டீர்கள் என்று கொப்பியில் எழுதிவிட்டு எனக்கும் சொல்லுங்கள்.